மாத்திரை போட்டாச்சு

அப்பு! ஏலே அப்பு! நீ எங்கே இருந்தாலும் இதைக் கேட்டுக்கொள். கடைக்குப் பின்னால் இருக்கிற ரூமில் இன்றைக்கு ஒரு மாத்திரைகூட இல்லை. ஜன்னல் திறந்திருக்கிறது. உன் கட்டில் அங்கேயே கிடக்கிறது. மதியம் நான்தான் அதில் படுக்கிறேன். எழுந்தும் வருகிறேன்.

அப்பு என் தம்பி. வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் எழுதிய பெயர் வேறு. அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை ஊர் போதுமான அளவு மென்று துப்பிவிட்டது. எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை வேறு யாரும் எழுத மாட்டார்கள், எழுதினால் தப்பாக எழுதுவார்கள் என்பதால் நானே எழுதுகிறேன்.

எங்களுக்குத் திண்டுக்கல்லில் பயறுக் கடை. வடமதுரைப் பக்கம் கொஞ்சம் மானாவாரிக் காடு உண்டு. அதில் விளைகிற துவரை, தட்டைப்பயறு, மொச்சை, உளுந்து எல்லாம் இந்தக் கடைக்குத்தான் வரும். போதாததற்குப் பக்கத்துக் காட்டுக்காரர்களிடமும் அப்பா வாங்குவார். கடைக்குப் பின்னால் ஒற்றை ஜன்னல் வைத்த ரூம். அங்கேதான் மூட்டைகள். மூலையில் ஒரு கட்டில். மதியம் கூட்டம் இல்லாத நேரம் அப்புவோ அப்பாவோ அதில் கொஞ்சம் கண்ணயர்வார்கள்.

பயறு வியாபாரிக்கு வண்டுதான் எமன். சிறுசாக, பழுப்பாக, ஒரு மிளகு அளவுகூட இருக்காது. பயறின் தோலில் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டியிருக்கும். பார்த்தால் மாவு சிந்தியது மாதிரி இருக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். புழு உள்ளேயே இருந்து தின்றுவிட்டு, வண்டாகி, வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அப்புறம் மூட்டையை அவிழ்த்து அள்ளினால் கை நிறையப் பயறு இருக்கும், கனம் இருக்காது.

இதற்கு எங்கள் பக்கம் எல்லோரும் வைப்பது மாத்திரை. மூட்டைக்குள் வைத்து வாயைக் கட்டிவிட்டால் அதிலிருந்து புகை மாதிரி ஒன்று கிளம்பி வண்டைக் கொல்லும். அந்தப் புகை கண்ணுக்குத் தெரியாது. ஈரம் பட்டால் இன்னும் வேகமாகக் கிளம்பும். குடோன் வைத்திருக்கிறவர்கள், அதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள் கையாளவேண்டிய சாமான் அது. எங்கள் ஊரில் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள், பட்டாணி மாதிரி.

அதை நாங்கள் விஷம் என்று சொன்னதே இல்லை. மருந்து என்போம். காட்டில் அடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து, ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து. மூட்டைக்குள் வைப்பதும் மாத்திரை, காய்ச்சலுக்கு விழுங்குவதும் மாத்திரை. இரண்டையும் ‘போடுவது’ என்றுதான் சொல்வோம். இந்த ஒரு வார்த்தைதான் என் தம்பியை இரண்டு தடவை கொன்றது.

போன வருஷம் ஐப்பசி. அப்புவுக்கு முந்தின நாளிலிருந்தே காய்ச்சல். ஆனாலும் கடைக்குப் போனான். அப்பாவும் நானும் காட்டில் இருந்தோம். காலையில் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, கடைக்கு வந்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, “தட்டப்பயறு மூட்டைக்கெல்லாம் மாத்திரை போட்டு வாயக் கட்டிருலே” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவன் போட்டான். சிறுமலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. சாரல் மூட்டையில் அடித்தது. ஜன்னலைச் சாத்தினான். கடைக் கதவையும் இழுத்துவிட்டு, காய்ச்சல் அசதியில் கட்டிலில் படுத்தான்.

அம்மா வீட்டிலிருந்து போன் பண்ணினாள்.

“மாத்திரை போட்டியாப்பு?”

“போட்டாச்சும்மா. செத்த நேரம் படுத்து எந்திரிச்சு வாரேன்.”

அம்மா கேட்டது காய்ச்சல் மாத்திரை. அவன் சொன்னது மூட்டை மாத்திரை. அம்மா நிம்மதியாக ரசம் வைக்கப் போனாள்.

மழை விட்டு நாங்கள் கடைக்கு வந்தபோது கதவைத் திறந்ததும் பூண்டு அழுகின மாதிரி ஒரு வாடை. அவன் தரையில் கிடந்தான். மூச்சு வாங்கவே அவ்வளவு பாடுபட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததை எழுதியே ஆகவேண்டும். அம்மா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டே சொன்னாள்: “மாத்திரை போட்டுட்டுத்தான்யா படுத்தான்! மாத்திரை போட்டுட்டேன்னு எங்கிட்டச் சொன்னான்யா!”

பக்கத்தில் நின்ற யாரோ கேட்டார்கள், “என்ன மாத்திரை?”

சித்தப்பா சொன்னார், “பயறு மூட்டைக்கு வைக்கிறது.”

அம்மா சொன்னது பொய்யில்லை. சித்தப்பா சொன்னதும் பொய்யில்லை. இரண்டையும் சேர்த்தபோது ஒரு பெரிய பொய் பிறந்தது. நாங்கள் அவனை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னாலேயே அது தெருவுக்கு வந்துவிட்டது. பயறு மாத்திரையைத் தின்றுவிட்டானாம். பொண்ணு விஷயமாம். அப்பன் ஏசிவிட்டானாம். வாயிருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு காரணம் ஒட்டினார்கள். டாக்டர் எங்களிடம் தெளிவாகவே சொன்னார், வயிற்றில் ஒன்றும் இல்லை, எல்லாம் மூச்சு வழியாகப் போனதுதான் என்று. ஆனால் டாக்டர் எங்களிடம்தான் சொன்னார். தெருத் தெருவாகப் போய் அவர் சொல்ல முடியுமா?

மாதா கோயில் கல்லறையில்தான் அடக்கம் பண்ணினோம். பங்குச் சாமியார் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் ஜெபம் முடிந்து எழுந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன்.

தை பிறந்தது. காட்டில் துவரை அறுத்தோம். ரூம் மறுபடி நிறைந்தது. ஒரு நாள் சித்தப்பா வந்து மூட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

“அண்ணே, இந்தத் தடவ நானே வந்து வச்சுட்டுப் போறேன். இல்லாட்டி ஆடிக்குள்ள அம்புட்டும் உளுத்துப்போகும்.”

நான் ரூம் வாசலில் குறுக்கே நின்றேன். “என்னத்த வைக்கப்போறீக?”

“என்னாத்தா இது, சின்னப்புள்ள மாதிரி? ஊர்ல எல்லாருந்தான் வைக்கிறாக. எல்லாருமா செத்துப்போயிட்டாக?”

“எந்தம்பி செத்துப்போனான் சித்தப்பா.”

“அது… அது வேற தாயி.”

அந்த ‘வேற’ என்ற சொல்லில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. வீட்டுக்குள்ளேயும் அந்தப் பொய் வந்து உட்கார்ந்துவிட்டது. சித்தப்பாவுக்கு அது தேவைப்பட்டது. மாத்திரை வாங்கிவந்து கொடுத்தது அவர் கை. மாத்திரை ஒன்றும் செய்யாது, பையன்தான் ஏதோ செய்துகொண்டான் என்றால் அவர் தூங்கலாம்.

நான் அப்பாவிடம் சொன்னேன். அழவில்லை, கத்தித்தான் சொன்னேன். “இந்த ரூம்ல மறுபடி அத வச்சா, அது ஒண்ணுஞ் செய்யாதுன்னு நாமளே ஊருக்குச் சொன்ன மாதிரி. அது ஒண்ணுஞ் செய்யாதுன்னா தம்பியக் கொன்னது யாரு? அவனேதான்னு ஆயிரும். அப்பா, அது உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்.”

அப்பா அந்த நாட்களில் அதிகம் பேசுவதில்லை. துண்டால் மூட்டையைத் தட்டிக்கொண்டே நின்றார். அப்புறம், “வர்ற ஐப்பசி வரைக்கும் பாப்போம். ரூம் உன் பொறுப்பு. வண்டு விழுந்துச்சுன்னா அப்புறம் நான் உனக்காகப் பேச முடியாது” என்றார்.

அன்றிலிருந்து வண்டோடு எனக்குச் சண்டை. வண்டைத் தோற்கடிக்கவேண்டும் என்பது இரண்டாவதுதான். அந்தப் பொட்டலம் இல்லாமலே பயறு நிற்கும் என்று காட்டவேண்டும். அது நின்றால்தான் என் தம்பி பெயரும் நிற்கும்.

யாரிடமெல்லாமோ கேட்டேன். போனில் பார்த்தேன். வேளாண்மை ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு மேடம், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், முதலில் சொன்னதே எனக்குப் புதுசு. “வண்டு உங்க ரூம்ல பொறக்கலம்மா. காட்டுல காயிலயே முட்ட வச்சிருது. நீங்கதான் மூட்டையோட வீட்டுக்குக் கூட்டிட்டு வாரீங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பு போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். விருந்தாளி மாதிரி வண்டி ஏற்றி நாமே கூட்டிவந்து, அப்புறம் வெளியே போகச் சொல்லி விஷம் வைத்திருக்கிறோம்!

அவர் ஒரு குழாயும் கொடுத்தார். முழங்கை நீளம், சுற்றிலும் பொடிப்பொடி ஓட்டை, அடியில் ஒரு குப்பி. பயறுக்குள் நட்டு வைத்தால், காற்றுத் தேடி ஊர்கிற வண்டு ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து குப்பியில் விழும். ஏறி வர முடியாது. நம் கண்ணுக்கு வண்டு தெரிவதற்கு முன்னாலேயே குழாய்க்குத் தெரிந்துவிடும். கடைக்குக் கொண்டுவந்து நட்ட முதல் வாரம் ஒவ்வொரு மணி நேரமும் அதை உருவி உருவிப் பார்த்தேன். “ஏத்தா, அடுப்புல சோறு வச்ச மாதிரி அதப் போயித் தொறந்து தொறந்து பாக்குற” என்று அம்மா ஏசினாள்.

வெயில்தான் முதல் மருந்து. இந்த ஒன்றை மட்டும் நான் மருந்து என்று சொல்லுவேன். திண்டுக்கல்லில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, வெயிலுக்கு இல்லை. மொட்டைமாடியில் கறுப்புத் தார்ப்பாய் விரித்து, பயறை மெல்லிசாகப் பரப்பி, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளையும் மூடிவிட்டால் உள்ளே உலை மாதிரிக் கொதிக்கும். முட்டை, புழு எதுவும் தாங்காது. விதைக்கு வைப்பதை மட்டும் அப்படி மூடிச் சுட வைக்கக் கூடாது, முளைப்பு போய்விடும். அதைச் சும்மா காயவைத்தால் போதும். காய்ந்ததா என்று பார்க்கப் பல்லில் வைத்துக் கடிப்பேன். ‘டக்’கென்று உடையவேண்டும். ‘சவக்’ என்றால் இன்னும் ஒரு வெயில். சாக்கு போக, இறுக மூடுகிற டிரம்களும் வாங்கியிருந்தேன். அதில் சூட்டோடு கொட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும், நிழலில் ஆறவைத்துத்தான் கொட்டவேண்டும்.

பழைய சாக்குகளை வெந்நீரில் முக்கி எடுத்துக் காயப்போட்டேன். சாக்கின் தையலில்தான் போன வருஷத்து வண்டு உட்கார்ந்திருக்கும். துவரையில் பாதியைச் செம்மண் கட்டி, அதாவது செம்மண் கரைசலில் புரட்டி, காயவைத்து உடனே உடைத்துப் பருப்பாக்கிவிட்டோம். உடைத்த பருப்பில் இந்த வண்டு முட்டை வைக்க அவ்வளவாக விரும்பாது. முழுப்பயறுதான் அதற்கு வேண்டும். பாசிப்பயறுக்குக் கடலெண்ணெயைக் கையில் தடவி, மினுமினுப்புத் தெரிகிற அளவுக்குப் புரட்டினேன். எண்ணெய் பட்ட தோலில் முட்டை பிழைக்காது. மொச்சை டிரம்மில் மேலே துணி விரித்து இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணலைப் பரப்பினேன். வேப்பிலையும் நொச்சியும் நிழலில் உலர்த்திப் போட்டேன். அதை மட்டும் நம்பக்கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த வாசம் எனக்கு வேண்டியிருந்தது. அந்த ரூமில் வேறு ஒரு வாசம் வரட்டும் என்றுதான்.

கடைத் தெருவுக்கு இது பெரிய வேடிக்கை. பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கிற அக்கா தினமும் உளுந்து வாங்க வருவார். வாய் சும்மா இருக்காது.

“என்னாத்தா, பயறுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுறியாமே?”

“ஆமாக்கா. அடுத்து பவுடர் போட்டுப் பொட்டு வைக்கணும்.”

“மாப்பிள்ள பாத்தாச்சா அதுக்கு?”

“நீங்கதான் தெனமும் வந்து பொண்ணு பாத்துட்டுப் போறீகளே!”

சிரிப்பார். ஆனால் இதே அக்காதான் அப்பு செத்த வாரம், “நல்ல புள்ளதான், எந்தப் பாவி மக கெடுத்தாளோ” என்று கடை வாசலில் நின்று சொன்னவர். நான் உளுந்தை நிறுத்துக் கொடுப்பேன். தராசு ஒரு பக்கமும் சாயாமல்தான் கொடுப்பேன்.

சித்தப்பா வாரம் ஒரு தடவை வந்து டிரம்மைத் திறந்து பார்ப்பார். கையை விட்டு அள்ளி, வெளிச்சத்தில் பிடித்து, ஊதிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. “இன்னும் மழ வரலைல” என்று சொல்லிவிட்டுப் போவார். ஆடி வந்தது, போனது. பயறு நின்றது. ஆவணியும் போனது.

ஐப்பசி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் காட்டுக்காரர் ஒருவரிடமிருந்து தட்டைப்பயறு வந்தது. அந்த வாரம் முழுக்க வானம் மூடிக்கிடந்தது. தார்ப்பாயை விரித்தால் தூறல், மடித்தால் வெயில். சரியாகக் காயவைக்க முடியாமல் தனி டிரம்மில் கொட்டிக் குழாயை நட்டுவைத்தேன். ஐப்பசி இரண்டாம் வாரம் குழாயை உருவினேன். குப்பி கறுப்பாக நெளிந்தது.

நான் மூடிவைத்திருக்கலாம். அப்பா அன்றைக்குக் கடையில் இருந்தார். சித்தப்பாவும் வந்திருந்தார். இட்லிக் கடை அக்காவும் பையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் குப்பியைக் கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேல் வைத்தேன். “தட்டப்பயறுல வண்டு விழுந்திருச்சுப்பா. அந்த ஒரு டிரம்முதான். மத்த எதுலயும் இல்ல.”

சித்தப்பா எழுந்துவிட்டார். “பாத்தியாத்தா! நான் சொன்னனா இல்லையா? ஒரு டிரம்முன்னு சொல்லுவ, விடிஞ்சா ஊரெல்லாம் பரவும்.” சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். இத்தனை மாதமும் அந்த நாளுக்காகவே காத்திருந்த மாதிரி. “அண்ணே, ஒண்ணு வச்சாப் போதும். அம்புட்டும் செத்துரும்.”

தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்பா பேச மாட்டேன் என்று முன்னமே சொல்லியிருந்தாரே.

அப்பா கேட்டார், “அம்புட்டுமா?”

“ஆமாண்ணே.”

“இதுக்குப் பேரு என்னடா?”

“மருந்துண்ணே.”

“யாருக்கு மருந்து? சொகமில்லாதவகளுக்கா?”

சித்தப்பா முழித்தார். “என்னண்ணே கேக்குறீக…”

“பேரச் சரியாச் சொல்லுலே. எங்கண்ணப் பாத்துச் சொல்லு.”

அப்புறம் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “வெசம்ண்ணே.”

“இத எம்மகன் எங்க போட்டான்?”

“அண்ணே, விடுங்கண்ணே.”

“வாயிலயா, மூட்டையிலயா?”

“மூட்டையிலதாண்ணே!” சித்தப்பா உடைந்துவிட்டார். “மூட்டையிலதாண்ணே போட்டான். நாந்தான் வாங்கியாந்து குடுத்தேன். போடுலேன்னு நாந்தான் சொன்னேன். அந்த ரூம்ல படுக்காதன்னு சொல்ல எனக்குத் தெரியாமப் போச்சே!”

இட்லிக் கடை அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் கேட்டுவிட்டார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். மறைக்கமாட்டேன், சந்தோஷம்தான். பொய்யைத் தெருவெல்லாம் கொண்டுபோன வாய் அது. இதையும் கொண்டுபோகட்டும். கொண்டுபோனார். சாயங்காலம் இரண்டு பேர் என்னிடமே வந்து, “அப்படியாத்தா?” என்று கேட்டார்கள். “அப்படித்தான்” என்றேன்.

அப்பா பொட்டலத்தைக் கடைக்குள் வர விடவில்லை. வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். சித்தப்பா போனார்.

சித்தப்பாவை மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதமாட்டேன். மறுநாள் வெயில் அடித்தது. தட்டைப்பயறைச் சல்லடையில் சலித்து மாடிக்கு ஏற்றினோம். நான் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையை யாரும் கூப்பிடாமலே சித்தப்பா வந்து பிடித்தார். இரண்டு பேரும் இழுத்து விரித்தோம். அவ்வளவுதான்.

ஓட்டை விழுந்த பயறு கொஞ்சம் மாட்டுக்குப் போனது. மீதி தேறியது. மற்ற டிரம்களில் இன்றுவரை ஒன்றும் இல்லை. நாளைக்கு விழலாம். விழுந்தால் சலிப்பேன், மறுபடி காயவைப்பேன். வண்டு தின்றால் பயறுதானே போகும்? அதைத் திரும்ப விதைக்கலாம். நீங்களும் உங்கள் வீட்டில் எதையாவது மூட்டைக்குள் வைத்திருந்தால், முதலில் அதை அதன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அது இருக்கிற ரூமில் யாரையும் படுக்க விடாதீர்கள்.

இன்னும் சில நாளில் கல்லறைத் திருநாள், இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற நாள். கோயில் உபதேசியார் ஜெபத்தில் வாசிக்கப் பெயர் எழுத வந்தார். “எப்படி எறந்தான்னு ஒண்ணும் சொல்ல வேணாம்ல?” என்று தணிந்த குரலில் கேட்டார். அம்மா முந்திக்கொண்டாள். “சொல்லுங்க. பயறுக்கு வச்ச வெசத்துல மூச்சடைச்சுச் செத்தான்னு மைக்குலயே சொல்லுங்க.” அன்றுதான் அம்மா ‘போடுவது’ என்ற வார்த்தையை விட்டாள். நேற்று எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட, “மாத்திரையை முழுங்கிட்டியா?” என்றுதான் கேட்டாள்.

இதைப் படிக்கிற உங்களுக்கு எங்களைத் தெரியாது. பரவாயில்லை. நீங்கள் கும்பிடுவது மாதாவோ முருகனோ அல்லாவோ, அதுவும் எனக்கு ஒன்றுதான். இன்றைக்கு விளக்கேற்றும்போதோ முழங்கால் போடும்போதோ, ஒரு மூச்சு விடுகிற நேரம் என் தம்பிக்காக ஒதுக்குங்கள். பாவம் என்று வேண்டாம். என்ன காரணமோ என்று யோசித்துக்கொண்டும் வேண்டாம். காய்ச்சலோடு வேலை பார்த்து, சொன்னதைச் செய்துவிட்டு, மழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தவன் அவன். அப்புவுக்காக எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.